காவலூர் மலையில் ஒரு கோடை இரவு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். அடிவாரத்தில் புளிய மரங்களின் நிழல். மேலே செல்லச் செல்லச் சாமை விளையும் சரிவுகள், பலா மரங்கள். ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர் பெற்ற மலை இது. அந்தப் பாதையில், கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், 27 குழந்தைகளையும் ஒரு பாட்டியம்மாளையும் ஏற்றிக்கொண்டு வாடகை வண்டியொன்றில் நாம் பிரயாணம் செய்தோம். வண்டியில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

பகலில் நாம் சர்க்கார் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்கள். மாலை ஐந்தரை மணிக்கு மேல் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துக்கொள்கிறோம். சம்பளம் கிடையாது. உள்ளூர்ப் பெண்கள் இருவர், கல்லூரியில் படிப்பவர்கள், கூடவே உழைக்கிறார்கள். பக்கத்து ஊர் அன்பர்கள் மாதந்தோறும் தரும் சிறு தொகை, சுண்டலுக்கும் நோட்டுப் புஸ்தகங்களுக்கும் போய்விடுகிறது.

ஆரம்பத்தில் நாம் செய்த பிழையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பகலில் நடத்திய பாடத்தையே மாலையிலும் நடத்தினோம். வாய்ப்பாடு, எழுத்துப் பிழை, மறுபடியும் வாய்ப்பாடு! மூன்றாவது வாரத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். பகல் முழுதும் பெஞ்சியில் உட்கார்ந்த குழந்தை, மாலையிலும் அதே பெஞ்சியைத் தேடி ஏன் வரும்? பிறகுதான் புத்தி வந்தது. கதைப் புஸ்தகங்களை வாசிக்கக் கொடுத்தோம். அவர்களுடைய தாத்தாமார் சொல்லும் மலைக்கதைகளை எழுதி வரச் சொன்னோம். கிணற்று நீர் மாதந்தோறும் எத்தனை அடி இறங்குகிறது என்று கயிறு விட்டு அளக்கச் சொன்னோம். கணக்கு தானாகவே வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள்.

ஆனால் கோடைதான் எமக்குப் பெரும் கவலை. பட்டணத்துக் குழந்தைக்கு விடுமுறை என்றால் விளையாட்டு. இங்கே அதுவே பள்ளிக்கூடத்தை விட்டு நழுவும் வாசல். முன்பணம் கொடுக்கும் ஏஜெண்டு மே மாதத்தில்தான் ஊருக்குள் வருகிறான். செங்கல் சூளைக்கும் வெளி மாகாணத்துத் தோட்டங்களுக்கும் ஆள் பிடிக்கிறான். அதைவிடக் கொடிய வேலைக்கும் ஆள் போவதுண்டு. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, திருப்பதிக்கு அருகே சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள். அவர்களில் சிலர் இந்த மலைப் பக்கத்தவர்கள். ஒன்பதாம் வகுப்போடு நிற்கும் பையனைக் கண்டால், எமக்கு அந்தச் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

ஆகவே கோடையிலும் கூடத்தைப் பூட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். ஒரு மாதம் காலை வேளையில் பாட்டு, நாடகம், கைத்தொழில். முடிவில் ஒரு யாத்திரை. இந்த முறை யாத்திரைக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்தோம். எம் ஊருக்கு நேர் மேலே இருந்தும், ஒரு குழந்தையும் அதைப் பார்த்ததில்லை!

இரவுப் பிரயாணம் என்றதும் பெண் குழந்தைகளின் வீடுகளில் தடை எழுந்தது. ஒரு பாட்டியம்மாள்தான் வழி காட்டினார். "நானும் வரேன் வாத்தியாரே. எம் பேத்தியை மட்டுமில்லே, எல்லாப் பொண்ணுங்களையும் நான் பாத்துக்கறேன்" என்றார். அதன் மேல் யாரும் மறுக்கவில்லை.

காவலூர் வானாராய்ச்சி நிலையம் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரை பாகை வடக்கே இருப்பதால், வடவானம், தென்வானம் இரண்டிலும் பெரும்பகுதியை இங்கிருந்து காணலாம். வைணு பாப்பு என்ற விஞ்ஞானி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் தூரதர்சினி ஒன்றுடன் வேலை தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் கருவி வந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தூரதர்சினியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதன் ஆடியைப் பெங்களூரில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். 1982-ல் அவர் காலமாகிவிட்டார். 1986 ஜனவரியில் கருவி திறக்கப்பட்டபோது அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் உண்ணவில்லை. இந்த விருத்தாந்தத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, பெரிய கூண்டின் கீழே சற்று நேரம் பேச்சே இல்லை.

சூரியன் சாய்ந்தது. கூடவே மேற்கில் மேகமும் கூடியது! ஒரு மணி நேரம் இருட்டில் புல் தரையில் உட்கார்ந்திருந்தோம். "இவ்வளவு செலவழித்து மேகத்தையா காட்டப் போகிறோம்?" என்று எம் மனம் அடித்துக்கொண்டது. குழந்தைகளோ நிம்மதியாகப் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எட்டு மணிக்குக் காற்று வீசியது; திரை விலகியது.

பார்வையாளருக்கென வைத்திருந்த சிறிய தூரதர்சினி முதலில் வளர்பிறைச் சந்திரனை நோக்கித் திருப்பப்பட்டது. பாட்டியம்மாள் கண்ணை வைத்தார். "அடியம்மா, நிலாவுக்கும் அம்மை போட்டிருக்கே!" என்றார். கல் விழுந்த குழிகள் அவை என்று நிலையத்து அன்பர் விளக்கினார். ஆனால் அன்றிரவு பிள்ளைகள் வாயில் நின்றது அம்மை வடுதான்.

அடுத்தது வியாழன். அதன் அருகே ஒரே கோட்டில் நான்கு பொட்டுகள். அவற்றில் ஒன்றான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்ற வேளையில், அதைச் சுற்றி மெல்லிய வாயு இருப்பதற்கான அறிகுறியை 1972-ல் கண்டவர்கள் இந்த மலையில் இருந்தவர்களே. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்று தெரியவந்ததிலும் காவலூருக்குப் பங்கு உண்டு. 1988-ல் இங்கே கண்ட ஒரு சிறு கிரகம் நம் ராமானுஜன் பெயரைத் தாங்கி இன்றும் சூரியனைச் சுற்றிவருகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று முறை வரிசையில் நின்றான். அவன் தகப்பனார் ஏற்கெனவே முன்பணம் வாங்கிவிட்டார் என்பது எமக்குத் தெரியும். திரும்பும்போது எம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், இங்கே வேலை பாக்கணும்னா எதுவரைக்கும் படிக்கணும்?" என்று கேட்டான். சொன்னோம். விரல் விட்டு வருஷங்களை எண்ணினான். பிறகு பேசவேயில்லை.

மறுவாரம் அவன் தாயார் கூடத்துக்கு வந்தார். முன்பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுக்க வழி பேசினோம். அன்பர் ஒருவர் பாதி ஏற்றார். ஜூன் மாதம் பையன் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தான். இதற்கு நட்சத்திரம் காரணமா, தாயார் காரணமா என்று நாம் வழக்காடப் போவதில்லை.

இனி அந்தக் காலி இடம். அவனுடைய தோழன் ஒருவனுக்காக வைத்தது அது. கிணற்றளவுக் கணக்கை எழுதியவன் அவனே. யாத்திரைக்கு நான்கு நாள் முன்பு, விடியற்காலை பஸ்ஸில் அவனைச் சூளைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நாம் போய்க் கேட்பதற்குள் வீடு பூட்டியிருந்தது.

நன்கொடை தரும் வர்த்தகர் ஒருவர், "வானத்தைப் பார்த்ததனால் எத்தனை மார்க் ஏறியது?" என்று நியாயமாகவே கேட்டார். வண்டி வாடகை, சோற்றுப் பொட்டலம் ஆகியவற்றின் கணக்கை அவரிடம் காட்டினோம். மார்க்குக் கணக்கு எம்மிடம் இல்லை. ஆஜர்ப் பட்டியலைக் காட்டினோம்: கோடைக்கு முன் இருந்தவர்கள் 28, ஜூன் மாதம் திரும்பியவர்கள் 27. அவர் இரண்டு எண்களையும் பார்த்துவிட்டு, "அந்த ஒருவன் எங்கே?" என்றார். அதுதான் சரியான கேள்வி என்று எமக்குத் தோன்றியது.

அவன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. தினமும் மாலையில் அதையும் வாசிக்கிறோம். அடுத்த கோடைக்கும் வண்டி பேசியாகிவிட்டது, இடங்கள் 28.