அச்சமும் விழிப்பும்

எண்ணூர் விரைவுச்சாலை இராயபுரத்திலிருந்து கடலோரமாகத் திருவொற்றியூர் வழியே செல்கின்றது. துறைமுகத்தை நாடும் கண்டெய்னர் லாரிகள் அதில் வரிசையாக ஊர்ந்து செல்லும். திருவொற்றியூரில் வாழ்ந்த ஐம்பது வயது அம்மையார் ஒருவருக்கு அவற்றைக் கண்டாலே கை நடுங்கும். ஆயினும், நோயுற்ற கணவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேறு துணையில்லை. ஆகவே, கார் ஓட்டக் கற்கத் துணிந்தார். உரிமம் பெற 18 வயது நிரம்பவேண்டும் என்பது சட்டம். ஐம்பது வயது அதற்குத் தடையன்று.

“அம்மா, லாரியின் பக்கக் கண்ணாடியில் அதன் ஓட்டுநர் முகம் தங்களுக்குத் தெரியாவிடில், அவருக்கும் தாங்கள் தெரியமாட்டீர்கள். வேகம் இருமடங்கானால், பிரேக்கை அழுத்தியபின் வண்டி ஓடும் தூரம் நான்மடங்காகும்” என்று பயிற்சியாளர் விளக்கினார். காரணம் விளங்கவே நடுக்கம் தணிந்தது. விடியற்காலைத் தெருக்களில் பழகினார். சில திங்களில், லாரிகளுக்குப் போதிய இடைவெளி விட்டு, அச்சாலையிலேயே கணவரை அழைத்துச் சென்றார். முன்பு கையை நடுக்கிய அச்சம், அன்று கண்ணை விழிக்கச் செய்தது.