தோற்றுக்கொடுக்கச் சொன்னார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் வாசியுங்கள்.

கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் களைத்துப்போயிருக்கும்போது விளையாட்டு வீரர்களின் கதைகளைச் சொல்வது என் வழக்கம். ஏழையாகப் பிறந்தார், விழுந்தார், எழுந்தார், வென்றார் என்று போகும் கதைகள். அவற்றைச் சொல்வது லேசு. ஒரு கதையை மட்டும் இன்றுவரை வகுப்பில் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. எந்தப் பக்கம் நின்று சொல்வது என்பதில் எனக்கே ஒரு தடுமாற்றம். ஹே ஜிலி என்ற சீன மேசைப்பந்து வீராங்கனையின் கதை அது.

எனக்கு மேசைப்பந்து பழகியது கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில். விடுதி மண்டபத்தில் ஒரேயொரு மேசை, மட்டை இரண்டு. வென்றவள் மேசையில் நிற்பாள், தோற்றவள் மட்டையைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதனால் அங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததாக ஞாபகமில்லை. உயிர்த் தோழிகள்கூட அந்த மேசையில் விரோதிகள்தான்.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பிடித்த பெயர் டெங் யாபிங். ஐந்தடிக்கும் குறைந்த உயரம். உயரம் போதாது என்று ஆரம்பத்தில் அணித் தேர்வில் ஒதுக்கப்பட்டவர், பிறகு 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றார். உயரம் குறைந்த எங்கள் தோழி ஒருத்திக்கு 'யாபிங்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தோம். டெங் உச்சத்தில் இருந்த 1994இல் ஹிரோஷிமாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. அதன் ஒற்றையர் இறுதிப் போட்டியில் அவர் தோற்றார். வென்றவர் ஜப்பானுக்காக ஆடிய கொயாமா சிரே. அப்போது அவருக்கு முப்பது வயது, டெங்குக்கு இருபத்தொன்று. யார் இந்தப் பெண் என்று தேடப்போய்த்தான் அவருடைய பழைய பெயர் ஹே ஜிலி என்பதும் அவர் ஒரு காலத்தில் சீனாவின் உலக சம்பியன் என்பதும் தெரிந்தது.

அவர் 1964இல் ஷாங்ஹாயில் பிறந்தவர். அந்தக் காலச் சீனாவில் மேசைப்பந்து எப்படிப்பட்ட விளையாட்டாக இருந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலக சம்பியன் பட்டம் 1959இல் மேசைப்பந்தில் ரோங் குவோதுவான் வென்றதுதான். 1971இல் அமெரிக்காவோடு உறவுக் கதவைத் திறந்ததும் மேசைப்பந்து வீரர்களின் பயணம்தான். சிறு வயதிலேயே பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்து, சாப்பாடு கொடுத்து, நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்து ஆளாக்குவது அரசாங்கம். அப்படி வளர்ந்தவர் வெல்லும் பதக்கம் அவருடைய சொந்தச் சொத்து இல்லை, நாட்டின் சொத்து என்பதுதான் அங்கே எண்ணம்.

இந்த எண்ணத்தில் பிறந்ததுதான் தோற்றுக்கொடுக்கும் வழக்கம். உலகப் போட்டியின் கடைசிச் சுற்றுகளில் இரண்டு சீனர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால், யார் வென்றால் அடுத்த சுற்றில் வெளிநாட்டவரை அடிப்பது சுலபம் என்று பயிற்சியாளர்கள் கணக்குப் பார்ப்பார்கள். மற்றவர் தோற்க வேண்டும். 1961, 1963, 1965 என்று மூன்று முறை தொடர்ந்து உலக சம்பியனானவர் சுவாங் சதோங். மூன்று முறையும் இறுதியில் அவரிடம் தோற்றவர் ஒரே ஆள், லி ஃபுரோங். அந்தத் தோல்விகளில் மேலிடத்து முடிவும் கலந்திருந்தது என்பது பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. லி வாய் திறந்து சண்டை போடவில்லை. பிறகு அணியின் பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறையின் பெரிய அதிகாரியாகவும் உயர்ந்தார்.

இனி 1987, புது டெல்லி உலகப் போட்டி.

காலிறுதியில் ஹே ஜிலிக்கு எதிரே வந்தவர் அதே அணியின் சென் ஜிங். அப்போது இளையவர். சென் ஜிங் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் சொன்னபடி செய்தார், ஹே அரையிறுதிக்குப் போனார். அங்கேயும் எதிரே ஒரு சீன வீராங்கனை, குவான் ஜியான்ஹுவா. மறுபக்கத்தில் இறுதிக்கு வரக்கூடியவர் தென்கொரியாவின் யாங் யங் ஜா. குவான் மேசையை விட்டுத் தூரமாக நின்று, வரும் பந்தையெல்லாம் கீழ்நோக்கி வெட்டி, பின்சுழற்சியோடு திருப்பி அனுப்பும் தற்காப்பு ஆட்டக்காரி. அப்படிப்பட்ட பந்துகளை அடிக்க யாங் திணறுவார் என்பது பயிற்சியாளர்களின் கணிப்பு. ஆகவே இந்த முறை தோற்க வேண்டியவர் ஹே. அவரிடம் சொன்னார்கள். அவரும் தலையாட்டினார்.

மேசைக்கு வந்ததும் உண்மையாகவே ஆடினார். அந்தக் காலத்தில் ஒரு செட் 21 புள்ளி, ஐந்து செட்டில் மூன்றை எடுத்தவர் வெல்வார். ஹே மூன்று செட்டையும் நேராக எடுத்தார். இறுதியில் யாங் யங் ஜாவையும் வென்று உலக சம்பியன் ஆனார். சீனா எதிர்பார்த்த தங்கம் சீனாவுக்கே கிடைத்தது. எதிர்பார்த்த ஆள் வழியாக வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடம்வரை ஒருமுறை தரம் 9 பிள்ளைகளுக்குச் சொன்னேன். வகுப்பே ஹேயின் பக்கம். "சரியாத்தான் செஞ்சிருக்காங்க" என்று கைதட்டினார்கள். பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "அப்ப அந்த சென் ஜிங் பாவமில்லையா டீச்சர்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் சீன அணியில் கிளம்பிய கோபமும் அதே கேள்விதான். உனக்காக ஒருத்தி தோற்றபோது வாங்கிக்கொண்டாய், உன் முறை வந்தபோது மறுத்துவிட்டாய். இந்தக் குற்றச்சாட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹேயை வீரப்பெண்ணாக மட்டும் எழுதுகிறவர்கள் காலிறுதியை விட்டுவிட்டு அரையிறுதியிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். துரோகி என்று எழுதுகிறவர்களோ அந்த இரண்டு உத்தரவையும் கொடுத்தது யார் என்பதை விட்டுவிடுவார்கள்.

ஆசிரியர் அறையில் இந்த விஷயத்தைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் விளையாட்டு ஆசிரியர், "அணி என்றால் அணிதான் டீச்சர். ஆளாளுக்கு முடிவெடுத்தால் நாங்கள் எதற்கு?" என்றார். விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் விடவில்லை. "அணிப் போட்டி என்றால் சரி சேர். இது ஒற்றையர் போட்டி. இரண்டு பேரில் யார் திறமையானவர் என்று பார்க்கத்தானே மேசையைப் போட்டிருக்கிறார்கள்?" தேநீர் ஆறிப்போகும்வரை வாக்குவாதம் நடந்தது. எனக்கு விஞ்ஞான டீச்சரின் பக்கம்தான் சாய்வு. பார்க்க வந்தவர்களுக்கும் மறுபக்கம் விளையாடும் நாட்டுக்கும் தெரியாமல் முடிவை முதல் நாளே எழுதிவைப்பது அணி உணர்வு ஆகாது. ஆனால் ஹே தலையாட்டிவிட்டுப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். சொல்லியிருந்தால் மேசைக்கே விட்டிருப்பார்களா என்றும் உடனே தோன்றும். அந்த அறையில் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று என் வீட்டில் இருந்துகொண்டு என்னால் அளக்க முடியாது.

அடுத்த வருடம் சியோல் ஒலிம்பிக். மேசைப்பந்து முதல்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட வருடம் 1988. நடப்பு உலக சம்பியன் அந்த அணியில் இல்லை. ஹே விடப்பட்டார். ஒற்றையருக்குப் போன மூன்று சீனப் பெண்கள் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். தங்கம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? சென் ஜிங்குக்கு. டெல்லியில் சொன்னபடி தோற்ற அதே சென் ஜிங். இதைக் கதையாக ஒருவர் எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று நானே சொல்லியிருப்பேன்.

(டெல்லியில் தோற்ற யாங் யங் ஜாவுக்கும் சியோலில் ஒரு தங்கம் கிடைத்தது. ஹ்யூன் ஜங் ஹ்வாவோடு சேர்ந்து இரட்டையரில் சீன ஜோடியை வென்றார். அதுவும் சொந்த மண்ணில்.)

ஹே ஜிலிக்கு அந்த ஒலிம்பிக் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஜப்பானியரான பொறியியலாளர் ஒருவரை மணந்து அந்த நாட்டுக்குப் போனார். குடியுரிமை மாறியது, பெயர் கொயாமா சிரே ஆனது. ஜப்பானில் வங்கிகளும் கம்பனிகளும் விளையாட்டு அணிகள் வைத்திருக்கும். அப்படியொரு வங்கி அணிக்காக ஆடினார், ஜப்பானின் தேசிய சம்பியன் பட்டத்தைப் பல தடவை வென்றார். சீனாவில் இருந்திருந்தால் இருபத்தைந்து வயதிலேயே ஓய்வுபெறச் சொல்லியிருப்பார்கள். டெங் யாபிங்கே இருபத்துநான்கில் மட்டையை வைத்துவிட்டார்.

பிறகுதான் ஹிரோஷிமா. அந்தப் போட்டியில் அவர் வழியில் வந்தவர்களைப் பாருங்கள். காலிறுதியில் சென் ஜிங். அரையிறுதியில் சியாவ் ஹோங், 1989 உலக சம்பியன். இறுதியில் டெங் யாபிங். மூவரையும் வென்றார். இந்த முறை எதிரே நின்ற யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சென் ஜிங்கோடு ஆடிய அந்தக் காலிறுதியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். டெல்லியில் நடக்காமல் போன ஆட்டம் ஏழு வருடம் கழித்து நடந்தது. சென் ஜிங்கும் அப்போது சீனாவுக்காக ஆடவில்லை. தாய்வானுக்குப் போய்விட்டிருந்தார்.

வெல்லும் ஒவ்வொரு பந்துக்கும் கொயாமா 'யோஷ்' என்று கத்துவார். 'அப்படித்தான்' என்று தன்னைத்தானே ஊக்கப்படுத்திக்கொள்ளும் ஜப்பானியச் சொல். வேறு எந்த நாட்டுக்காரி கத்தியிருந்தாலும் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஷாங்ஹாயில் பிறந்தவள், சீன அரசாங்கத்தின் சோற்றில் வளர்ந்தவள், ஜப்பானிய மொழியில் கத்தி சீனப் பெண்களைத் தோற்கடிக்கிறாள் என்பதைச் சீன ரசிகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. போரில் ஜப்பானிய இராணுவம் சீனாவில் செய்த கொடுமைகள் உயிரோடு ஞாபகத்தில் இருந்த தலைமுறை அது. துரோகி என்று திட்டினார்கள். இதே காலத்தில் சியோலில் வெண்கலம் வென்ற ஜியாவ் ஷிமின் தென்கொரிய மேசைப்பந்து வீரர் ஒருவரை மணந்து அங்கே போயிருந்தார். அவர்மீது இந்தளவு கோபம் திரும்பவில்லை. அவர் திரும்பி வந்து சீனாவைத் தோற்கடிக்கவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

1996 அட்லாண்டாவிலும் 2000 சிட்னியிலும் கொயாமா ஜப்பானுக்காக ஆடினார். பதக்கம் இல்லை. சென் ஜிங்குக்கோ அட்லாண்டாவில் வெள்ளி, சிட்னியில் வெண்கலம். சியோல் தங்கத்தையும் சேர்த்தால் அவருக்கு மூன்று நிறத்திலும் ஒற்றையர் பதக்கம் இருக்கிறது. சொன்னபடி கேட்டவருக்குப் பதக்கம், கேட்காதவருக்கு வெறுங்கை என்று ஒருவர் இதிலிருந்து பாடம் எடுத்தால் எனக்குக் கோபம் வரும். சென் ஜிங் அந்த மூன்றையும் மேசையில் ஆடித்தான் வென்றார். டெல்லியில் தலைகுனிந்ததற்குக் கிடைத்த கூலி என்று அவற்றைச் சொல்வது அவருக்கும் அநியாயம்.

வழக்கம் அதோடு நின்றுபோனதா என்று கேட்டால், சீன பட்மிண்டனிலும் இதே கதை பிறகு வெளியே வந்தது. 2004 ஏதென்ஸில் ஒரு அரையிறுதியை அப்படி ஏற்பாடு செய்ததைத் தலைமைப் பயிற்சியாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். மேசைப்பந்தில் வேறொரு மாற்றம் வந்தது. 2008 பெய்ஜிங்கில் ஆண், பெண் ஒற்றையர் ஆறு பதக்கங்களையும் சீனா எடுத்த பிறகு, 2012இலிருந்து ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இரண்டு பேர் மட்டும் என்றாக்கினார்கள். அந்த இருவரையும் அட்டவணையின் வெவ்வேறு பாதியில் போடுகிறார்கள். ஆகவே ஒலிம்பிக்கில் அவர்கள் அரையிறுதியில் சந்திக்கும் பேச்சே இல்லை.

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒருவர் குவான் ஜியான்ஹுவா. அன்று அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. யாரிடமும் எதையும் கேட்டதாகவும் இல்லை. உனக்கு இறுதிப் போட்டி, யாங்கை வெட்டி ஆடத் தயாராகு என்றிருப்பார்கள். அந்த மனதோடு மேசைக்கு வந்திருப்பார். முதல் சில பந்துகள் வேகமாக வந்தபோது, பார்வையாளர்களுக்காக நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்திருப்பாரோ? எத்தனையாவது புள்ளியில் அவருக்கு விளங்கியிருக்கும்? விளங்கிய பிறகு மேசையை விட்டு ஓரடி பின்னால் போய், வருவதையெல்லாம் வெட்டித் திருப்பிக்கொண்டேதான் இருந்திருப்பார். அவருக்குத் தெரிந்த ஆட்டம் அதுதானே.