‘திருச்சி பக்கம்’னு சொல்லாதீங்க பாஸ்!

ஹாஸ்டலில் முதல் நாள். “உனக்கு எந்த ஊரு மச்சி?” என்று கேட்டால், பெரம்பலூர், அரியலூர்ப் பசங்க நிறைய பேர் சொல்ற பதில் என்ன தெரியுமா? “திருச்சி பக்கம்!”

ஊர் பேரைச் சொன்னா யாருக்குத் தெரியப் போகுதுன்னு ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை உடைக்க இந்த லீவில் ஒரு காரியம் பண்ணுங்க. பெங்களூரிலோ மும்பையிலோ படிக்கிற நண்பர்கள் நாலைந்து பேரைக் கூப்பிடுங்க. மூணு நாள் போதும். ஆனா ஒண்ணு... ஒரே ஊரில் உட்காருகிற டூர் இல்லை இது. பிளைட், கார், ரயில்னு மூணையும் கோக்கணும். பிளான் சொதப்பினா ஊர் மானமே போயிடும்!

முதல்ல கதவு... அப்புறம் டிக்கெட்!

எல்லோரும் என்ன பண்றோம்? எந்தத் தேதியில் டிக்கெட் சீப்னு பார்த்து புக் பண்ணிட்டு, அப்புறம் ஊர் சுத்த யோசிக்கிறோம். இங்கே அது செல்லாது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திறப்பது திங்கள், வெள்ளியில் மட்டும்தான். சில விசேஷ நாட்கள் விதிவிலக்கு. கங்கைகொண்ட சோழபுரத்தில் மதியம் நடை சாத்தினால், சாயங்காலம் 4 மணி வரை காத்திருக்கணும். கரைவெட்டியில் வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல சீசன்.

இதெல்லாம் தெரியாம நாங்க ஒருதடவை கிளம்பினோம். செவ்வாய்க்கிழமை சிறுவாச்சூர். சாத்தின கதவுக்கு ஒரு கும்பிடு! மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு கங்கைகொண்ட சோழபுரம். அங்கேயும் நடை சாத்தியாச்சு. கூட வந்த பெங்களூரு நண்பன், “உங்க ஊர்ல எல்லாமே மூடித்தான் இருக்குமா?”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டான். சுருக்குன்னு இருந்தது. தப்பு ஊர் மேல இல்லையே!

அதனால, வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குகிற மாதிரி தேதி குறிங்க.

வந்த வழி வேற... போற வழி வேற!

ரெண்டு மாவட்டத்திலும் ஏர்போர்ட் இல்லை. பெரம்பலூர் டவுனுக்கு ரயிலும் இல்லை. அரியலூர் மட்டும் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருக்கு. அதனால் வரும்போது திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, போகும்போது அரியலூரில் ரயில் ஏறி, சென்னை ஏர்போர்ட்டில் பறப்பதுதான் புத்திசாலித்தனம். புக்கிங்கில் ‘மல்டி சிட்டி’ன்னு ஒண்ணு இருக்கும். அந்த விலையையும், தனித்தனி ஒன்-வே டிக்கெட் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்க.

சென்னையில் விமானம் மாறி திருச்சி வர்றவங்க உஷார்! ரெண்டு டிக்கெட்டையும் தனித்தனியா வாங்கி, முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது டிக்கெட் காசு கோவிந்தா. ஒரே புக்கிங்கில் போட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் தலைவலி. ரயிலுக்கு 60 நாள் முன்னாடியே ரிசர்வேஷன் திறக்கும் (2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது). ரெண்டையும் ஒரே வாரத்தில் முடிச்சிடுங்க.

கார் கணக்கு

வண்டியை நாமே ஓட்டலாம்னா, வாடகைக்குத் தர்ற பல இடங்களில் 21 வயசு ஆகியிருக்கணும்பாங்க. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது செல்ஃப் டிரைவ் வண்டி. டிரைவரோடு வர்றது மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து. “காசு கம்மி”ன்னு வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு எடுக்காதீங்க. விபத்துன்னு வந்தா இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும்.

வெளியூர் டிரிப் என்றால் பல இடங்களில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டருக்குக் காசு கேட்பாங்க. உதாரணத்துக்குக் கிலோமீட்டர் 14 ரூபாய்னு வெச்சுக்குங்க. நீங்க 150 ஓடினாலும் 3,500 ரூபாய்தான். அது போக டிரைவர் பேட்டா, டோல். வண்டி காலியாகத் திரும்புகிற தூரமும் உங்க தலையில்தான். இந்த டூரில் தினமும் 150 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். அதனால், மணிக்கணக்கு வாடகை உண்டான்னு கேளுங்க. ரெண்டாவது நாளுக்கு அரியலூர் வண்டியையே பேசினால் காலி ஓட்டம் மிச்சம். ஆறு பேர் பங்கு போட்டால் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாட்டுக் காசுதான் ஆளுக்கு!

வெள்ளி: கடல் இருந்த ஊர்

திருச்சியிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து, ஆலத்தூர் பக்கம் வலது புறம் திரும்பினால் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கு! 1940ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்தது. டைனோசர்கள் உலாவிய கிரிடேஷியஸ் காலத்து மரம். அப்போ இந்தப் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் இன்னிக்கு அரியலூர் சிமென்ட். கல்லில் சங்கு, சிப்பி தெரியும். பாருங்க, போட்டோ எடுங்க. பாக்கெட்டில் மட்டும் போடாதீங்க ப்ளீஸ்!

அடுத்து சிறுவாச்சூர். பெரம்பலூரில் சாப்பாடு. வெயில் தாழ ரஞ்சன்குடி கோட்டை. 1751ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் மோதிய வாலிகண்டபுரம் போர் இந்தப் பக்கம் நடந்ததுதான். ராத்திரி அரியலூர் லாட்ஜ். ரெண்டு ராத்திரியும் அங்கேயே தங்கினால், பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும்.

சனி: கடலை ஆண்டவன் ஊர்

விடிகாலையில் கரைவெட்டி. 2024ல் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்த ஏரி இது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி இங்கே வருது. (அதுங்களுக்கு பிளைட் டிக்கெட் தொல்லை இல்லை!) அப்படியே பழுவேட்டரையர்கள் ஆண்ட பழுவூர்க் கோயில்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம். திறந்திருக்கான்னு முன்கூட்டியே விசாரிச்சுக்குங்க.

சாப்பிட்டுவிட்டு ஜெயங்கொண்டம் வழியா சரியா 4 மணிக்கு கங்கைகொண்ட சோழபுரம். கடல் கடந்து படை நடத்திய ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். சுமார் 250 வருஷம் சோழர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். மாலை வெயில் விமானத்தின் மேல் விழும்போது, உங்க நண்பர்கள் முகத்தைப் பாருங்க. அதுக்குத்தான் இத்தனை பிளானும்!

ஞாயிறு: டாட்டா

காலையில் அரியலூரிலிருந்து பல்லவன் அல்லது வைகை. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால், எதிரிலேயே ஏர்போர்ட். பிளைட்டை மட்டும் ராத்திரி 7 மணிக்கு மேல் போடுங்க. ரயில் லேட்டானாலும் மூச்சு வாங்க வேண்டாம்.

ரயில் வர்ற வரை இந்தக் கதையைச் சொல்லுங்க. 1956 நவம்பர் 23ல் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவியை ராஜினாமா செய்தவர் லால் பகதூர் சாஸ்திரி. ஒரு நாட்டுக்கே பாடம் எழுதிய ஊர் இது!

திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது 1995ல். அரியலூர் 2001ல் தனி மாவட்டமாகி, 2002ல் மறுபடி சேர்ந்து, 2007ல் திரும்பவும் தனியானது. மாவட்டமே பிரிஞ்சு வந்தாச்சு... நாம மட்டும் இன்னும் “திருச்சி பக்கம்”னு சொல்லலாமா?

அடுத்த தடவை யாராவது ஊர் கேட்டால், பேரைச் சொல்லுங்க. சத்தமா!