வாப்பாவின் துவக்கு

உடைந்துபோன ஒன்றை ஒட்டி, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் பழைய இடத்திலேயே வைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? சிலருக்கு அது பீங்கான் கோப்பையாக இருக்கும். சிலருக்கு உம்மாவின் கைக்கடிகாரமாக இருக்கும். நான் ஒட்டி ஒளித்து வைத்தது ஒரு துவக்கு. அந்தக் கதையை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணியிருந்தேன்.

புத்தளம் மாவட்டத்தில் வாப்பாவுக்கு மூன்று ஏக்கர் தென்னங்காணி இருந்தது. கன்றுகளைக் கிளறிப்போடும் காட்டுப்பன்றிகளை விரட்ட, அனுமதிப்பத்திரத்துடன் ஒரு துவக்கு வைத்திருந்தார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் செய்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துவக்கு அது. நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடம் என் மூத்தாப்பா விலைக்கு வாங்கியது. அதன் சோங்கு வால்நட் மரத்தால் ஆனது. தேன் நிறத்தில் கரிய வரிகள் ஓடும். கை பிடிக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக வரி வெட்டியிருக்கும். வாப்பா அதைத் துடைக்கும்போது நாங்கள் தூர நின்றுதான் பார்க்க வேண்டும்.

1979ஆம் ஆண்டு. எனக்குப் பத்தொன்பது வயது. வாப்பா கொழும்புக்குப் போயிருந்த ஓர் இரவில் காணிக்குள் பன்றிகள் இறங்கிவிட்டன. அனுமதிப்பத்திரம் வாப்பாவின் பெயரில் இருக்கிறது, அதைத் தொட எனக்கு உரிமையில்லை என்பது தெரிந்தும் துவக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரம்பில் கால் வழுக்கியது. துவக்கு கல்லில் போய் விழுந்தது. உள்ளே இரண்டு தோட்டாக்கள் இருந்தன. அவை வெடிக்காதது அல்லாஹ்வின் அருள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். சோங்கு, கைப்பிடி ஒடுங்கும் இடத்தில், குறுக்காக முறிந்து கிடந்தது.

அன்றிரவு நான் செய்ததைக் கேளுங்கள். மேசை ஒட்டும் வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினேன். இரண்டு ஆணிகளை அடித்தேன். மேலே கபில நிறச் சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்தேன். துவக்கை அலுமாரியில் நிறுத்தி வைத்தேன். பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதங்கள் போயின. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு மீண்டும் பன்றி வந்த சத்தம் கேட்டது. வாப்பா துவக்கை எடுத்து, தோட்டாக்களைப் போட்டு, வாசற்படியில் காலை வைத்தார். சுடும்போது பின்னால் உதைக்கும் வேகம் முழுவதும் அந்தச் சோங்கு வழியாகத்தான் தோளுக்கு வரும். அது கைக்குள்ளேயே முறிந்தால் என்ன ஆகும்? குழல் எந்தப் பக்கம் திரும்பும்? என் தொண்டை அடைத்துக்கொண்டது.

"வாப்பா, சுட வாணாம். அது உடைஞ்சது. நான்தான் உடைச்சேன்."

வாப்பா திரும்பிப் பார்த்தார். துவக்கை மடித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்தார். சோங்கை இரு கையாலும் இலேசாக வளைத்தார். 'கிறீச்' என்று ஒரு சத்தம். என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. ஆனால் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடி வாங்கியிருந்தால் எவ்வளவோ மேல் என்று அந்த மாதம் முழுவதும் நினைத்தேன்.

பிறகு ஒரு விடியற்காலை, "வா, போவம்" என்றார். குருநாகலில் துவக்குத் திருத்த அனுமதி பெற்ற ஒரு சிங்களப் பாஸிடம் அழைத்துப் போனார். வயதானவர். முதலில் துவக்கைத் திறந்து வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தார். வாப்பா ஏற்கனவே காட்டியிருந்தும் தானும் ஒருமுறை பார்த்தார். அதன்பின் குழலைக் கழற்றி, திருகாணிகளின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும்படி அரம் போட்ட திருப்புளியால் இரும்புப் பகுதியை மரத்திலிருந்து பிரித்தார்.

முறிவைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "புத்தா, நீ உடைத்தது சின்ன வேலை. நீ ஒட்டியதுதான் பெரிய வேலை."

அதற்கான காரணத்தையும் விளக்கினார். துவக்கின் கைப்பிடிப் பகுதி இயல்பாகவே மெல்லியது. விசையும் மற்ற இரும்புகளும் உட்கார மரத்தை அங்கே குடைந்திருப்பார்கள். அதனால்தான் விழுந்தால் அந்த இடம் முதலில் முறிகிறது. முறிந்த இரு முகங்களிலும் உள்ள நார்கள் பல்லோடு பல் பொருந்தினால்தான் நல்ல ஒட்டு கிடைக்கும். என் ஆணிகள் அந்த நார்களைப் பிளந்திருந்தன. என் பசை பற்களுக்கிடையே கட்டியாக உறைந்திருந்தது.

பாஸ் சம்மதித்ததால் நான் அவரோடு தங்கினேன். எடுபிடி வேலைதான். ஆணிகளைப் பிடுங்கவே அரை நாள் போனது. பசையைச் சுரண்ட விடவில்லை. சுரண்டினால் மரத்தின் பல் போய்விடும் என்றார். சூடான வினாகிரியில் நனைத்துப் பல் துலக்கும் தூரிகையால் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து எடுத்தோம்.

அடுத்த சிக்கல் எண்ணெய். துவக்கைக் குழல் மேலே பார்க்க நிறுத்தி வைத்தால், இரும்புக்குப் பூசிய எண்ணெய் வருடக்கணக்கில் கீழே வடிந்து மரத்துக்குள் ஊறிவிடும். ஊறிய மரம் கறுத்து மெதுத்துப் போகும், பசையும் பிடிக்காது. எங்கள் வீட்டில் மூத்தாப்பா காலத்திலிருந்து அப்படித்தான் நின்றது. சுண்ணப்பொடியை அசிட்டோனில் குழைத்து முறிவில் அப்பினார் பாஸ். காய்ந்ததும் பொடி மஞ்சளாக எண்ணெயைக் குடித்திருந்தது. தட்டிவிட்டு மறுபடி அப்பினோம். பொடி வெள்ளையாகவே உதிரும்வரை ஆறு நாட்கள் அந்த வேலைதான்.

அதன்பின் இரும்புப் பகுதிக்கு மெழுகு தடவி, அது பசையில் ஒட்டாதபடி செய்தார். இரண்டு குழாயாக வரும் அரல்டைட்டைக் கலந்து, இலேசாகச் சூடாக்கி, நார்களுக்குள் இறங்கும்படி பூசினார். முறிவைச் சேர்த்து, கோணல் வராதிருக்க இரும்பையும் அதன் இடத்தில் பூட்டி, சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டி இறுக்கிச் சுற்றினார். ஒரு பகலும் ஓர் இரவும் யாரும் தொடவில்லை. ஒட்டு இறுகிய பிறகு, இரும்பு உட்காரும் குழிக்குள்ளிருந்து நீளவாக்கில் துளையிட்டு, புரி வெட்டிய பித்தளைக் கம்பி ஒன்றைப் பசையோடு செலுத்தினார். வெளியே ஒன்றும் தெரியாது. மரத்துக்குள் ஓர் எலும்பு வைத்ததுபோல.

நான் வரம்பில் தொலைத்த ஒரு சிராய்க்குப் பதில் மரம் வேண்டியிருந்தது. பாஸ் வேறு மரம் தேடவில்லை. சோங்கின் பின்முனையில், தோளில் படும் தகட்டைக் கழற்றி, அதற்கடியில் மறைந்திருந்த இடத்திலிருந்தே ஒரு துண்டைச் செதுக்கி எடுத்துப் பதித்தார். "இதன் காயத்துக்கு இதன் சதைதான் சேரும்" என்றார். பிறகு கட்டங்களின் வரிகளைத் திரும்ப வெட்டி, லின்சீட் எண்ணெயைத் துளித்துளியாக உள்ளங்கையால் தேய்த்தார்.

மூன்று கிழமைக்குப் பின் வாப்பா வந்தார். துவக்கைப் பழைய டயரில் கட்டி, விசையில் கயிறு பூட்டி, தூர நின்று இரண்டு வெடி வைத்துக் காட்டினார் பாஸ். ஒட்டு அசையவில்லை. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைபோல் ஒரு கோடு தெரிந்தது. சாயம் பூசி அதையும் மறைக்கட்டுமா என்று பாஸ் கேட்டார். "வேணாம், கிடக்கட்டும்" என்றார் வாப்பா. பஸ்ஸில் வரும்போது என்னோடு பேசத் தொடங்கினார். முதல் வார்த்தை, "மகன், சாப்பிட்டியா?" என்பதுதான்.

அன்றுமுதல் அந்தத் துவக்கு குழல் கீழே பார்க்கத்தான் நின்றது.

வாப்பா 1998இல் மவுத்தானார். பத்திரம் அவர் பெயரில் இருந்ததால் துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டோம். அவருடைய கடுதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது, பழைய அனுமதிப்பத்திரங்களுக்கிடையே ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே நான் அடித்த அந்த இரண்டு ஆணிகள் இருந்தன. வாப்பா அவற்றை ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை, யாருக்கும் சொல்லியதுமில்லை. இப்போது அவை என்னிடம் இருக்கின்றன.

வாசகர்களே, பிள்ளைகள் எதையாவது உடைக்கத்தான் செய்வார்கள். "உடைந்துவிட்டது" என்று பயமில்லாமல் வந்து சொல்ல வீட்டில் ஓர் இடம் வையுங்கள். நீங்களே ஒளித்து வைத்தது ஏதும் இருந்தால், அதை ஒருவர் நம்பிக் கையில் எடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது வாப்பாவின் ஒரு கால் வாசலைத் தாண்டியிருந்தது.