வடையும் ஃப்ரோமாஜும்

1968-ஆம் ஆண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் ப்ரெமியேர் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயது 17. எங்கள் பிரெஞ்சு ஆசிரியரை முஸ்ஸியே என்றுதான் அழைப்போம். ஒருநாள் மாலை என்னைக் கூப்பிட்டார். "நாளைக்கு நான் ஊரில் இல்லை. சிசியேம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் நீ பாடம் நடத்து. லா ஃபோந்தேனின் காகமும் நரியும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவு அரிக்கேன் விளக்கடியில் உட்கார்ந்து திட்டம் எழுதினேன். வருகைப் பதிவு 5 நிமிடம், வாசிப்பு 10, புதுச் சொற்கள் 15, இலக்கணம் 15, மனப்பாடம் 15. கணக்குச் சரியாக 60. ஆயாவை எதிரில் உட்காரவைத்து ஒத்திகையும் பார்த்தேன்.

"காக்கா வாயிலே என்னடா வச்சிருக்கு?" என்று கேட்டார்.

"ஃப்ரோமாஜ், ஆயா. பாலாடைக்கட்டி."

"அதை யாரு பார்த்தா? வடைன்னு சொல்லு."

நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் 30 பிள்ளைகள். பத்து, பதினோரு வயதுதான். வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "அண்ணே, ஃப்ரோமாஜ்னா என்ன?" என்று கேட்டான். வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்பது விதி. முஸ்ஸியேயின் குரலை வரவழைத்துக்கொண்டு, "பிரெஞ்சில் கேள்!" என்று அதட்டினேன். அவனுக்கு வரவில்லை. கண் கலங்க உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டேன், நானே பதில் சொன்னேன். என் 60 நிமிடத் திட்டம் 25 நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று. மீதி நேரத்துக்கு என்ன செய்வது? கை நடுங்கியது. உண்மையைச் சொன்னால், ஃப்ரோமாஜை நானும் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். தமிழில், "தம்பிகளா, காக்கா வாயில் வடைன்னு வச்சுக்குங்க" என்றேன். வகுப்பே கலகலத்தது. அதே கடைசி பெஞ்சுப் பையன், "எங்க பாட்டி கதையில காக்கா வடையைக் காலுக்கடியில வச்சுட்டுத்தான் பாடும். நரி ஏமாந்துடும்" என்றான். பிரெஞ்சுக் காகம் ஏன் ஏமாந்தது என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில், "இதையே பிரெஞ்சில் சொல்ல முடியுமா?" என்று அவனைக் கேட்டேன். தட்டுத்தடுமாறி, "ல கொர்போ மெ ல ஃப்ரோமாஜ் சூ ல பியே" என்றான். காகம் ஃப்ரோமாஜைக் காலுக்கடியில் வைக்கிறது. ஒரு பிழையும் இல்லை. மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து முஸ்ஸியே என் நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் பேசியதையும், பையனை அதட்டியதையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பையன் இந்த வருஷம் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு இன்னொரு செய்தி சொன்னார். 1668-இல் வெளிவந்த முதல் தொகுதியில் உள்ள இந்தக் கதை ஈசாப் வழி வந்ததாம். 1678-இல் வந்த தொகுதியிலோ, தான் இந்திய ஞானி பில்பேக்குக் கடன்பட்டிருப்பதாக லா ஃபோந்தேனே எழுதியிருக்கிறாராம்.

ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. அரசு அலுவலகத்தில் எழுத்தராகத்தான் காலம் போனது. பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத வயதானவர்கள் என் மேஜைக்கு வருவார்கள். வேலை நெருக்கடியில் அதட்டத் தோன்றும். அப்போதெல்லாம் கலங்கிய அந்தச் சின்னக் கண்கள் நினைவுக்கு வரும். "உட்காருங்க ஐயா, என்ன வேணும்னு தமிழ்லயே சொல்லுங்க" என்பேன்.

அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.