அறுபத்து நாலு

நோட்டில் 64 என்று எழுதினேன். காதில் கேட்டது 108.

முதலாம் ஆண்டு, பிசியாலஜி செய்முறை வகுப்பு. கொட்டிலில் கட்டியிருந்த ஜெர்சி கலப்பினப் பசுவின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, நிமிடத்துக்கு இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ண வேண்டும். வேலை அவ்வளவுதான். எங்கள் குழுவில் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் புது வெள்ளைக் கோட்டு, கஞ்சி மொடமொடப்புப் போகாதது. பசுவுக்கு அறுபதிலிருந்து எண்பதுக்குள் என்று முந்தின இரவுதான் உருப்போட்டிருந்தேன். ஆகவே 108 என் காதின் கோளாறு என்று முடிவு கட்டி, கௌரவமான ஓர் எண்ணை எழுதிவைத்தேன்.

பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். அது மூக்கணாங்கயிறு இறுக, வெள்ளைமுழி தெரிய எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா, இந்த அறுபத்து நாலு யாரோட மாடு?”

வேப்பேரிக் கல்லூரி அது. 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி; 1989இல் பிறந்த கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் சேர்ந்தபோது இரண்டு வயது. எங்களில் பாதிப் பேர் மனித மருத்துவத்துக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் குறைந்து வந்தவர்கள். வந்ததும் வராததுமாக ஊசியைப் பிடிக்க வேண்டும், கத்தியைப் பிடிக்க வேண்டும் என்ற துடிப்பு. கால்நடை உடலியங்கியலிலோ நோயே கிடையாது, மருந்தும் கிடையாது. நன்றாக இருக்கும் மாடு எப்படி நன்றாக இருக்கிறது என்பதை ஒரு வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டுமா என்று விடுதியில் புலம்பினோம். கையில் டியூக்ஸ். 1933இல் முதலில் வெளிவந்து, பதிப்பு மேல் பதிப்பாகப் பெருத்த அமெரிக்க நூல். அதிலிருக்கும் மாடு பெரும்பாலும் குளிர்நாட்டு மாடு. வியர்வைச் சுரப்பி குறைவாகவும் கறுப்புத் தோல் தாராளமாகவும் உள்ள நம் எருமை மே மாதத்தில் ஏன் சேற்றைவிட்டு எழ மறுக்கிறது என்பதைச் சேற்றோரம் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆய்வகத்தில் முதலில் எங்களை மயக்கியது தவளை. அதன் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்துவிட்டு, கெண்டைத் தசையை நரம்போடு பிரித்தெடுத்து, புகைபடிந்த காகிதம் சுற்றிய உருளையில் அதன் சுருக்கத்தைக் கோடாக வரையவைப்போம். கைமோகிராஃப் என்ற அந்த உருளையை ஜெர்மானியர் கார்ல் லுட்விக் 1847இல் உருவாக்கினார். நரம்பில் மின்சாரம் தொட்டதும் ஊசிமுனை ஏறி இறங்கும். பாடநூல் படம் அப்படியே வரும். அந்தக் கோடு ஏன் அவ்வளவு சுத்தமாக வந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. பயப்படக்கூடிய பாகத்தை நாங்கள் முதலிலேயே அழித்துவிட்டிருந்தோம்.

மாட்டுக்கு அந்தப் பாகம் இருந்தது. பேராசிரியர் மற்ற ஏழு பேரையும் அனுப்பிவிட்டு, என்னை மட்டும் கொட்டிலில் நிறுத்தினார். தொடக்கூடாது, முறைத்துப் பார்க்கக்கூடாது, சும்மா நில் என்றார். இருபது நிமிடம் போயிருக்கும். ஈக்கள், சாணி வாசனை, வேப்பேரி நெடுஞ்சாலையின் ஹாரன். மாடு வாலை ஒருமுறை வீசியது, பெருமூச்சு விட்டது, கழுத்தில் ஓர் உருண்டை மேலேறியது, தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது. “அசைபோட ஆரம்பிச்சிட்டா? இப்ப எண்ணு.” 72.

அப்புறம்தான் இடுப்பெலும்புக்கு முன்னால், இடது பக்கக் குழியில் கை முஷ்டியை அழுத்தி வைக்கச் சொன்னார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் தோள்கொடுத்துத் தள்ளுவதுபோல் கை எழும்பி, அமிழ்ந்தது. ரூமன். பெரிய பசுவில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும் நொதிக்கலம். இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை புரளும். அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலை அமிலங்களாக உடைக்க, அந்த அமிலங்களில்தான் மாட்டின் பெரும்பகுதிப் பிழைப்பே ஓடுகிறது. மாடு ஒரு நாளைக்கு விழுங்கும் எச்சில் மட்டும் நூறு லிட்டரைத் தாண்டும். அது இல்லாவிட்டால் வயிறு புளித்தே மாடு செத்துப்போகும். இதெல்லாம் நோட்டில் முன்பே இருந்தது. கை எழும்பியது மட்டும் நோட்டில் இல்லை.

அதற்குப் பிறகு டியூக்ஸைப் படிக்கும் விதம் மாறியது. எந்த எண்ணைப் பார்த்தாலும், அளந்தபோது அந்தப் பிராணி என்ன மனநிலையில் இருந்தது என்று கேட்கத் தோன்றியது. குதிரை ரத்தத்தைச் சோதனைக் குழாயில் நிறுத்தினால் மணியடிப்பதற்குள் சிவப்பணுக்கள் கீழே படிந்துவிடும். மாட்டு ரத்தம் வகுப்பு முடியும்வரை வைத்தது வைத்தபடியே நிற்கும். அது இனத்தின் குணம், எந்த மனநிலையிலும் அப்படித்தான். ஆனால் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் அப்படியல்ல. ஓய்வில் நூற்றுக்கு நாற்பதை ஒட்டி இருப்பது, குதிரை முழு வேகத்தில் ஓடியதும் அறுபதைத் தாண்டும். மண்ணீரலில் சேமித்துவைத்திருக்கும் அணுக்களைப் பயமோ ஓட்டமோ பிழிந்து வெளியே தள்ளுகிறது. பூனை இன்னும் மோசம். கூடையில் அடைத்து, ஆட்டோவில் கொண்டுவந்து, நாய் குரைக்கும் வரவேற்பறையில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தால் சர்க்கரை 200ஐத் தாண்டி நிற்கும். நீரிழிவு என்று எழுதிவிடலாம். பூனைக்கு இருப்பது டாக்டர் வியாதி.

இந்தச் சந்தேகத்தோடு போனால் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது. உலகில் முதன்முதலில் ரத்த அழுத்தம் அளக்கப்பட்டது ஒரு குதிரைக்கு. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண்குதிரையை மல்லாக்கக் கட்டிப்போட்டு, தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் ஒன்பது அடிக் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733இல் நூலாக வெளியிட்டார். எங்கள் வகுப்பில் அந்த 8 அடி 3 அங்குலம் இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு மழைநாள், வேலையில்லாமல் அதைப் பாதரசக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். ஏறத்தாழ 190 மில்லிமீட்டர். அமைதியாக நிற்கும் குதிரைக்கு மேல் அழுத்தம் 120ஐ ஒட்டித்தான் இருக்கும். பாதிரியார் சரியாகத்தான் அளந்திருக்கிறார். ஆனால் அவர் அளந்ததில் பாதி குதிரை, மீதி கயிறு.

பயத்தையே குறிவைத்து அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர், 1941இல் வெளியான ஆய்வுக்காக, கறவை நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டுக் காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் இறங்கவில்லை. மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டு, பயமுறுத்தாமல் கறந்தபோது இரண்டு பாதியிலும் பால் இறங்கியது. ஆக, காம்பைத் தொட்டதும் மூளையிலிருந்து வரும் உத்தரவு மடிக்கு நரம்பு வழியாக வரவில்லை. ரத்தத்தில் கரைந்து வருகிறது. ஆக்ஸிடோசின். பயந்தால் சுரக்கும் அட்ரினலின் அதை மறித்துவிடுகிறது. ஆக்ஸிடோசின் சுரந்தாலும் ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும். கறக்கிறவர் ஏழெட்டு நிமிடத்தில் முடித்தாக வேண்டும். கூடையளவு கேள்வி ஒன்றைக் காகிதப் பையால் தீர்த்துவிட்டார்கள் என்பதில் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை.

அந்தப் பாடம் நடந்த வாரமே பொங்கல் விடுமுறை. காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊர். கற்றதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்று, விடியற்காலை ஸ்டெதாஸ்கோப்பு, நோட்டு, கைக்கடிகாரத்தோடு கட்டுத்தரையில் போய் நின்றேன். அம்மா கன்றை ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்டி, மடியைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து உட்கார்ந்தார். காம்பைத் தொட்டதிலிருந்து சுரப்பு இறங்கும்வரை எத்தனை விநாடி என்று எண்ணுவது என் திட்டம். நாற்பது, அறுபது, நூறு, நூற்றிருபது. சொம்பில் நாலு சொட்டு. மாடு தலையைத் திருப்பி என்னையே பார்த்தது. விடுதிக்குப் போன சில மாதத்தில் என் வாசனை மாறிவிட்டதா, கழுத்தில் தொங்கிய ரப்பர்க் குழாய்தான் காரணமா, தெரியவில்லை.

“ஏங்கண்ணு, அக்கட்டால போ. நீ நின்னா அது பால் உடாது.”

“அட்ரினலின்ம்மா,” என்றேன்.

“அது என்ன எழவோ. போ, போயி அடுப்புல வெறகத் தள்ளி உடு.”

போனேன். வாசலைத் தாண்டும்போதே சொம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. அன்றைய நோட்டுப் பக்கம் காலியாகவே இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

பரீட்சையில் பிசியாலஜி தப்பித்துத்தான் தேறினேன். வைவாவில் வெளித்தேர்வாளர் வெள்ளாட்டின் சிவப்பணு எவ்வளவு பெரியது என்று கேட்க, நாயினுடையதைச் சொல்லிவைத்தேன். நாய்க்கு ஏழு மைக்ரான். ஆட்டுக்கு நான்குகூடத் தேறாது. “அவ்வளவு பெரிய ஆடா?” என்றார். அதற்கப்புறம் நோயியல், மருந்தியல், அறுவை எல்லாம் வந்தன. ஊசியையும் பிடித்தேன்.

போன மாதம் ஒரு தோட்டத்தில். மாடு இரண்டு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை என்று அழைத்திருந்தார்கள். நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் இரண்டு பேர் கொம்பைப் பிடித்து, ஒருவர் வாலை முறுக்கி, “வாங்க டாக்டர், புடிச்சாச்சு, ஊசியப் போட்டுடுங்க” என்றார்கள். விடச் சொன்னேன். கயிற்றைத் தளர்த்தச் சொன்னேன். தென்னை நிழலில் ஒதுங்கி நின்று, தேங்காய் விலையை விசாரித்தேன், மழையை விசாரித்தேன். தோட்டக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“என்னங்க டாக்டர், சும்மாவே நிக்கறீங்க?”

“கொஞ்சம் இருங்க.”

அவர் முகத்தில், இவனுக்குக் கொடுக்கும் காசு தண்டம் என்று எழுதியிருந்தது. வேறு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று மனைவியிடம் முணுமுணுத்ததும் கேட்டது. மாடு எங்களைப் பார்ப்பதை நிறுத்திக் காதைத் தொங்கவிட்டது. நான் மெதுவாகப் போய் இடது பக்கத்தில் நின்று, முஷ்டியைக் குழியில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.