பரிசைத் திருப்பி வாங்கப் போனேன்!

யாருக்காவது ஆசையாகப் பரிசு கொடுத்துவிட்டு, "நீயே வந்து எடுத்துக்கொண்டு போ" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டா, நேயர்களே? எனக்கு அந்தப் பாக்கியம் ஒரு மே மாதக் கடைசியில் கிடைத்தது.

ஆம்பூரில் என் பெரியப்பா மகள் இருக்கிறாள். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் வேலை. பூட்ஸின் மேல்பக்கத்துத் தோலைத்தான் அப்பர் என்பார்கள். அந்த ஊரில் காலை நேரத்தில் டிபன் பாக்ஸும் கையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. அவளுக்கு ஒரே பிள்ளை.

முந்தைய தீபாவளிக்கு அந்தப் பிள்ளைக்கு நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் வேண்டாமென்று கழித்த பழைய ப்ளேஸ்டேஷன் பெட்டி. அதோடு ஒரு ஸ்டியரிங், காலால் மிதிக்க இரண்டு பெடல், 'எஃப் 1 2011' என்ற கார் பந்தய ஆட்டத்தின் தட்டு. டி.வி.யில் மாட்டிவிட்டால் கூடமே பந்தய மைதானம்!

மே மாதம் ரிசல்ட் வந்தது. பிளஸ் டூவில் கணக்கில் போய்விட்டது. போனால் போகட்டும், துணைத்தேர்வு இருக்கிறதே என்றால், "எழுத மாட்டேன். ரேஸ் டிரைவர் ஆகப் போகிறேன்" என்கிறானாம் பையன். அக்கா போனில் போட்ட சத்தத்தில் என் காது இரண்டு நாள் ரீங்காரம் செய்தது. குற்றவாளி நான்தானே! ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன்.

பாலாற்றில் வழக்கம்போல் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. தோல் ஷாப்புகளின் வாடை ஸ்டேஷனிலேயே வரவேற்றது. வீட்டில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் தயாராக இருந்தன. ஆனால் தாயும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"சித்தி, நீங்களாவது கேளுங்க. இது சும்மா பொம்மை ஆட்டம் இல்லே" என்று ஆரம்பித்தான் பையன். கேட்டேன். விஷயம் சுவாரசியமாகத்தான் இருந்தது.

இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் கம்பெனி, ஃபார்முலா ஒன் பந்தயத்தாரிடம் முறைப்படி உரிமை வாங்கித் தயாரித்த ஆட்டம் அது. ஆகவே கற்பனைக் கார், கற்பனை ஊர் என்ற பேச்சே கிடையாது. அந்த வருஷத்துப் பந்தயத்தில் ஓடிய அணிகள், ஓட்டுநர்கள், மைதானங்கள் எல்லாம் நிஜப் பெயரோடு வரும். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் அதில் இருக்கிறார். 2005-ல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று பெயர் வாங்கியவர் அவர்.

டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் கட்டிய புத்தா மைதானமும் ஆட்டத்தில் உண்டு. அங்கே முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது 2011 அக்டோபர் 30-ல். ஆட்டமோ செப்டம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. நிஜப் பந்தயம் நடப்பதற்கு முன்பே பல தேசத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடி அங்கே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தி நடந்த கதைதான்!

"இப்பவும் அந்த மைதானம் ஆட்டத்திலே வருதா?" என்று கேட்டேன்.

பையன் சுரத்தில்லாமல், "இல்லே சித்தி. இந்தியாவிலே 2011, 12, 13 மூணு வருஷம்தான் நடந்தது. 2014 ஆட்டத்திலே அதை எடுத்துட்டாங்க" என்றான்.

அதுவரை பேசாமலிருந்த அக்கா வாய் திறந்தாள். "அப்படின்னா எல்லாம் வாடகை வீட்டு வாசல்லே மாட்டின பெயர்ப் பலகைதானா? நரேன் அப்பாவே ராலியிலே கார் ஓட்டினவர்னு நீதானே சொன்னே? உங்கப்பா என்ன வச்சுட்டுப் போயிருக்கார்? படிச்சு வாங்கற சர்டிபிகேட்டைத்தான் யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க."

பையன் முகம் சிவந்தது. "உனக்கு என்னம்மா தெரியும்? ஓட்டிப் பார், கஷ்டம் தெரியும்" என்றவன், ஓட்டிக் காட்ட உட்கார்ந்தான்.

அந்த மைதானத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்ட நேர் பாதை ஒன்று உண்டு. அதன் முடிவில் வலப்புறம் கொண்டை ஊசி மாதிரி வளைவு. நேர் பாதையில் மின்னல் மாதிரி போனான். வளைவில் மண்ணுக்குள் இறங்கினான். பாதையை விட்டு வெட்டிக்கொண்டு போனால் அந்தச் சுற்றின் நேரம் கணக்கில் சேராதாம். நாங்கள் பார்க்கிறோம் என்ற ரோஷத்தில் ஐந்து சுற்று ஓட்டினான். ஐந்தும் செல்லவில்லை.

"நகரு" என்று அக்கா உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலில் கால் வைத்தாள். முதல் இரண்டு சுற்றில் சுவரில் முட்டினாள். நானும் பையனும் சிரித்தோம். மூன்றாவது சுற்றில் சிரிப்பு நின்றது. வளைவுக்கு வெகு முன்னதாகவே காலைத் தளர்த்தினாள், பிரேக்கை அழுத்தினாள், திரும்பி முடிந்த பிறகே மெல்ல மெல்ல வேகம் கூட்டினாள். மாட்டு வண்டி மாதிரிதான் போனாள். ஆனால் ஓரிடத்திலும் பாதையை விட்டு இறங்கவில்லை. சுற்று முடிந்ததும் திரையில் நேரம் விழுந்தது. கணக்கில் சேர்ந்துவிட்டது!

"எப்படிம்மா?" என்றான் பிள்ளை.

"தினம் எட்டு மணி நேரம் காலாலேதானேடா பிழைக்கிறேன்? நேர் தையலை யார் வேணும்னாலும் ஓட்டலாம். முனையிலே வளையற இடத்துலே காலைத் தளர்த்தணும். துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்லே ஊசி இறங்கின ஓட்டை மறையாது. கோடு தப்பினா அந்த அப்பர் ரிஜெக்ட். எவ்வளவு வேகமாத் தைச்சேன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

நான் ஒன்றும் பேசவில்லை. பத்திரிகையில் இத்தனை வருஷம் எழுதியும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

பரிசை நான் திருப்பிக் கொண்டுவரவில்லை. மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம்: காலையில் கணக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் கார். பையன் உம்மென்று தலையாட்டினான். நான் கிளம்பும்போது மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். அந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவன் கால் பெடலிலிருந்து லேசாக எழுந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வாசலுக்கு வந்துவிட்டேன்.

துணைத்தேர்வு முடிவு வந்த அன்று அக்காவிடமிருந்து போன். நூற்றுக்கு 41.

"மார்க்கு கம்மிதான்டி" என்றாள். குரல் லேசாகத் தழுதழுத்தது. "ஆனா, சுத்து செல்லும்!"